பதினொரு பவுண் கொடியை ஒப்படைக்கிறேன் என்றேன்

புதிதாய்க் கறுப்புக் கோட்டுத் தைத்துப் போட்டுக்கொண்டு குடும்ப வழக்குகளுக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு நல்ல செய்தி. நீங்கள் பட்டினி கிடக்க மாட்டீர்கள். யாழ்ப்பாணத்தில் காணிக்குச் சண்டை பிடிக்காத குடும்பம் ஒன்று இருக்கிறதென்றால், அந்தக் குடும்பத்துக்குக் காணி இல்லை என்று அர்த்தம். கெட்ட செய்தி என்னவென்றால், வழக்கை வென்று கொடுத்தாலும் உங்களை ஒருவரும் தங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்குக் கூப்பிட மாட்டார்கள். தங்கள் அலுமாரிக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரிந்த ஆளைப் பந்தியில் இருத்திச் சோறு போட யாருக்குத்தான் மனம் வரும்?

நான் ஓய்வெடுத்து மூன்று வருடமாகிறது. இன்னமும் என்னைத் தேடி வருகிற இளம் சட்டத்தரணிகள் தேசவழமைச் சட்டத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதைப் படிக்க ஒரு கிழமை போதும். தாய் தகப்பன் வழியாய் வந்தது முதுசம். பெண்ணுக்குக் கொடுத்து அனுப்பியது சீதனம். கலியாணத்துக்குப் பிறகு தேடியது தேடியதேட்டம், அதில் இருவருக்கும் சரிபாதி. விதிவிலக்குகளைப் புத்தகத்தில் பாருங்கள். மிச்சம் முப்பத்தைந்து வருடமும் நான் படித்தது, ஆட்கள் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதைத்தான். அந்தப் பாடத்தில் நான் கடைசி வாங்கு மாணவன். எவ்வளவு கடைசி என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். இதில் முட்டாள் யாரென்று தேடி நீங்கள் கஷ்டப்பட வேண்டாம், அது நான்தான்.

தொண்டைமானாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சாந்தினி என்று வைத்துக்கொள்ளுங்கள். தகப்பன் கடல் தொழில் செய்தவர். மகளுக்கு மூன்று பரப்புக் காணி சீதனமாய் எழுதிக் கொடுத்திருந்தார். கணவன் குகனும் கடல் தொழில்தான். மகளுக்கு நாலு வயதாயிருக்கும்போது ஏஜென்சிக்காரனைப் பிடித்துச் சுவிஸ் போனான். போய்ச் சேர்ந்து, உழைத்து, காசு அனுப்பி, அந்தச் சீதனக் காணியில் வீடு கட்டுவித்தான். கீழே நாலு அறை, மேலே ஒரு மாடி, வாசலில் சீமெந்துச் சிங்கம் இரண்டு. உள்ளே இருந்ததும் இரண்டு பேர்தான், தாயும் மகளும். ஆளுக்கொரு சிங்கம்.

பிறகு அங்கே அவனுக்கு இன்னொரு பெண்ணோடு பழக்கமாகி, இங்கே மணமுறிவு வழக்குப் போட்டான். சாந்தினி மறுக்கவில்லை. "விருப்பமில்லாத ஆளைப் பிடிச்சு வைச்சு என்ன செய்யிறது ஐயா" என்றாள். சண்டை வீட்டுக்கு. காணி அவளுடையது, காணியோடு ஒட்டியிருக்கிற வீடும் அவளுடையது. ஆனால் கட்டினவன் தான் கொட்டிய காசைக் கேட்கலாம். குகன் கேட்டான். அனுப்பிய ஒவ்வொரு சதத்துக்கும் அவனிடம் துண்டு இருந்தது. அவன் கேட்டதை நீதிமன்றம் கொடுத்தால், காணியை விற்றுத்தான் அவள் கட்ட வேண்டும். பத்தாம் வகுப்புப் படிக்கிற மகளோடு தெருவில் நிற்க வேண்டும்.

குகன் சுவிஸில் என்பதால் அவனுடைய தமக்கைக்கு அற்றோனித் தத்துவம் எழுதிக் கொடுத்திருந்தான். அதாவது வழக்குத் தம்பியின் பெயரில், நடத்துவது தமக்கை. அவர் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டார். கலியாணத்துக்குத் தாங்கள் போட்ட பதினொரு பவுண் தாலிக்கொடியும் திரும்ப வேண்டுமாம். எங்கள் பக்கத்தில் கொடி மாப்பிள்ளை வீட்டார் செய்து போடுவது. போட்ட பிறகு அது பெண்ணின் சொத்து, கேட்க உரிமை கிடையாது. ஆனால் உரிமை இருக்கிறதையா சனம் கேட்கிறது?

எட்டு மாதம் அந்த வழக்குக்கு நான் ஆயத்தம் செய்தேன். வங்கித் துண்டுகள், மேசன் எழுதிக் கொடுத்த கணக்கு, மரம் வாங்கிய மரக்காலையின் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் அடுக்கி, நிறம் நிறமாய்ப் பேனையால் கோடு போட்டு, நானே பார்த்து ரசிக்கிற அளவுக்கு அட்டவணை செய்து வைத்தேன். அந்த எட்டு மாதமும் சாந்தினி எனக்கு முன்னால், மேசைக்கு அந்தப் பக்கம், கழுத்தில் கொடியோடு இருந்தாள். நான் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி என்னோடு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்தவன். அந்த நாட்களில் எங்களுக்குள் கதை பேச்சு இல்லை. பெரிய கொள்கைப் பிரச்சினை எதுவும் கிடையாது. நீதிமன்ற வளவில் இருந்த ஒரே வேப்பமரத்தின் நிழலில் யாருடைய கார் நிற்பது என்பதில் வந்த பகை. அறுபது வயது தாண்டிய இரண்டு பேர், நிழலுக்காக ஆறு வருடம் முகம் பாராமல் இருந்தோம். கட்சிக்காரரின் குடும்பத்தில் ஏன் சமாதானம் இல்லை என்று மட்டும் நன்றாக விளக்குவோம்.

விசாரணை நாள் வந்தது. அவன் எழும்பி, என் கட்சிக்காரி வீட்டையும் விழுங்கிக் கொடியையும் விழுங்கி ஏப்பம் விடப் பார்க்கிறாள் என்று ஒரு போடு போட்டான். பின்வாங்கில் இருந்து இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு யாருக்கு வாய்த்ததோ அவன் வென்ற மாதிரி. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எழும்பினேன்.

"கனம் நீதிபதி அவர்களே, எனது கட்சிக்காரருக்கு அவர்களுடைய ஒரு குன்றிமணிப் பொன்னும் தேவையில்லை. கேட்க உரிமையில்லாத கொடியைக்கூட இன்றைக்கே இந்த மன்றில் ஒப்படைக்கிறோம்!"

நான் நினைத்தது என்னவென்றால், கொடியை எறிந்துவிட்டு வீட்டைப் பிடிக்கலாம், பேராசை யார் பக்கம் என்று நீதிபதி கண்டுகொள்வார். நினைத்ததில் பிழை இல்லை. எறியப்போகிற பொருளின் சொந்தக்காரியைத் திரும்பி ஒரு தரம் பார்க்காததுதான் பிழை.

"நல்லது" என்றார் நீதிபதி. "தேநீர் இடைவேளை முடிய ஒப்படையுங்கள். பதிவாளர் நிறுத்துப் பதியட்டும்."

விறாந்தைக்கு வந்தோம். சாந்தினியின் முகம் சாம்பல் பூத்திருந்தது. என்னுடைய வீரத்தைப் பார்த்து மிரண்டுவிட்டாள் என்று எண்ணி, "பயப்பிடாதேங்கோ, உது கொடியோடை போகட்டும், வீட்டை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன்.

"ஐயா, இது கொடி இல்லை."

"என்ன?"

"பவுண் இல்லை ஐயா. கவரிங்."

என் ரைப்பிஸ்ற் அம்மா கோப்புக் கட்டோடு பக்கத்தில் நின்றார். இருபது வருடம் என்னிடம் வேலை செய்தவர். நான் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே நான் எங்கே பிழை விடுகிறேன் என்று புருவத்தாலேயே காட்டுபவர். அன்றைக்கு அவருடைய புருவம் அசையவே இல்லை.

"எனக்கு முதல் நாளே தெரியும் சேர்" என்றார்.

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை. பதினொரு பவுண் கொடி போட்ட பொம்பிளை பஸ்ஸிலை வரேக்கை சீலைத் தலைப்பாலை கழுத்தைப் போத்திக்கொண்டு வருவா. உவ கொடியை வெளியிலை தொங்கவிட்டுக்கொண்டு வந்து இறங்கினவ. கள்ளனுக்குப் பயப்பிடாத கொடி என்ன கொடி சேர்?"

இதைச் சட்டக் கல்லூரியில் படிப்பிப்பதில்லை.

இருபத்தைந்து நிமிடம் இருந்தது. கொடி வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது என்று சொல்லி ஒரு தவணை கேட்டுவிடலாம் என்பதுதான் எனக்கு முதலில் வந்த யோசனை. அதை நான் செய்யவில்லை. ஒழுக்கத்தால் என்று நினைக்காதீர்கள். எத்தனை நாள் தவணை கேட்பது என்று கணக்குப் பார்த்தேன். அவள் பதினொரு பவுண் வாங்கிக்கொண்டு வருவதற்கு எந்தத் தவணையும் போதாது என்று விளங்கியது. நல்லொழுக்கம் அநேகமாய் இப்படித்தான் வரும், வேறு வழி இல்லாமல்போன பிறகு. வந்ததை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

"உண்மைக் கொடி எங்கை?" என்று கேட்டேன். எட்டு மாதத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

காணி உறுதி வைத்திருந்த பொலித்தீன் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துத் தந்தாள். ஒன்று அடைவுச் சிட்டை. மற்றது, நகையை மீட்காதபடியால் ஏலத்தில் விற்றாயிற்று என்ற அறிவித்தல்.

விஷயம் இதுதான். குகன் சுவிஸ் போகிற வழியில், ரஷ்யப் பக்கம் ஏதோ ஒரு பனி ஊரில், ஒரு அறைக்குள் பதினாலு பேரோடு மாட்டிக்கொண்டான். மிச்சக் காசு மூன்று நாளில் வராவிட்டால் அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்றான் ஏஜென்சிக்காரன். குகன் தொலைபேசியில் அழுதான். சாந்தினி கொடியை அடைவு வைத்துக் காசை அனுப்பினாள். கொடியை வைத்தேன் என்று சொன்னால் அந்தப் பனிக்குள் அவன் இன்னும் உடைந்துபோவான் என்று, கொழும்பு மாமா தந்தது என்றாள். போய்ச் சேர்ந்தவன், "மாமாவுக்கு ஆறுதலாக் குடுப்பம்" என்றான். அந்த ஆறுதல் வரவேயில்லை. வந்த காசெல்லாம் வீட்டுக்கு என்று வந்தது. மேல்மாடி எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று கிழமைக்கொரு படம் கேட்டான். வட்டி ஏறியது, கொடி ஏலத்தில் போனது. மச்சாளின், அதாவது குகனின் தமக்கையின், வீட்டில் நடந்த சாமத்தியச் சடங்குக்கு வெறுங்கழுத்தோடு போக முடியாமல் அவள் கவரிங் வாங்கினாள்.

இதைக் கேட்டதும் நான் துக்கப்பட்டேன் என்று சொன்னால் பொய். நான் துள்ளாத குறை. அவளுடைய கொடியை அடைவு வைத்துத்தான் அவன் சுவிஸுக்குப் போனான், போனபடியால்தான் உழைத்தான், அந்த உழைப்பில்தான் வீடு. சிட்டையில் திகதி இருக்கிறது. அவன் இவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று திருப்பிப் போடலாம்! "உதை இப்பவே சாட்சியிலை வைப்பம்" என்றேன்.

"வேண்டாம் ஐயா."

"என்ன வேண்டாம்?"

"தாலிக்கொடியை ஏலத்திலை விட்டவள் எண்டு ஊர் கதைக்கும். மச்சாள் முன்வாங்கிலை இருக்கிறா, பின்னேரத்துக்கிடையிலை ஊர் முழுக்கப் போயிடும். எனக்கொரு குமர்ப்பிள்ளை இருக்கு. வீடு போனாப் போகட்டும்."

"வீட்டை விட்டிட்டு எங்கை போகப் போறியள்?"

"அப்பான்ரை கொட்டிலுக்கு."

நான் கத்தினேன். விறாந்தையில் நின்ற பொலிஸ்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். மூளை இருக்கிறதா, நாலு அறை வீட்டை ஊர்வாய்க்குப் பயந்து எறிவதா என்று கேட்டேன். அவள் கொடியைக் கழற்றி ரைப்பிஸ்ற் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாயிருக்கிறது. அவளுடைய மானத்தை அவளைக் கேட்காமல் ஏலம் போட்டவன் நான். விலை படியாததற்கு அவளையே ஏசினேன்.

ரைப்பிஸ்ற் அம்மா கொடியைத் தன் கைப்பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்தார்.

"சேர், அவவுக்கு நீதவானுக்குத் தெரியிறது பிரச்சினை இல்லை. மச்சாளுக்குத் தெரியிறதுதான் பிரச்சினை. புருசனுக்குச் சொல்லலாமோ எண்டு கேட்டுப் பாருங்கோ."

மாவட்ட நீதிபதியை நீதவான் என்று சொல்லும் பழக்கத்தை இருபது வருடமாக நான் திருத்திப் பார்த்தேன். அன்றைக்குத் திருத்தவில்லை. சாந்தினியைக் கேட்டேன்.

"அவருக்குச் சொல்லலாம்" என்றாள். "அவருக்குச் சொல்லியிருக்கவும் வேணும்."

ஆனால் எதிர்த்தரப்பு ஆளோடு அவருடைய சட்டத்தரணியைத் தாண்டி நாங்கள் கதைக்கக் கூடாது. ஆகவே நான் வேப்பமரக்காரனிடம் போக வேண்டியிருந்தது. கன்ரீனில் வடையைக் கடித்துக்கொண்டிருந்தான். முன்னால் போய் இருந்தேன். ஆறு வருடத்துக்குப் பிறகு அவனைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை, "மச்சான், எனக்கு ஒரு உதவி வேணும்." அந்த 'மச்சான்' ஆறு வருடச் சொத்து வழக்கைவிடப் பாரம் என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்தால் எழுத்து நாலுதான். பாரம் நாலுக்கும் இருந்தது.

அவன் சிட்டையை வாசித்தான். அறிவித்தலை வாசித்தான். வடையைத் தட்டில் வைத்தான்.

"டேய், உதை நீ எனக்குக் காட்டாமல் உள்ளை வந்திருந்தால் இண்டைக்கு உன்னைத் தின்றிருப்பன்."

"தெரியும்."

"காட்டினாப் பிறகும் தின்னலாம்."

"தெரியும்."

தொலைபேசியை எடுத்தான். சுவிஸில் காலை நேரம், குகன் வேலைக்குப் போகிற ரயிலில் இருந்தான். எனக்கும் கேட்கும்படி மேசையில் வைத்துவிட்டு, என் பழைய வகுப்பு நண்பன் திகதியையும் தொகையையும் வாசித்தான்.

"அது மாமா தந்த காசெல்லோ" என்றான் குகன்.

"மாமா தரேல்லை தம்பி. கொடியை அடைவு வைச்ச காசு. பிறகு அது ஏலத்திலை போட்டுது."

"மாமாவுக்கு நான் மணிக்கூடு ஒண்டும் அனுப்பினனான்..."

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மாமாவுக்கென்று வந்த அந்த மணிக்கூட்டையும் விற்று ஒரு மாத வட்டி கட்டியிருக்கிறாள் சாந்தினி என்று பிறகு தெரிந்தது. கொஞ்ச நேரம் ரயில் சத்தம் மட்டும் வந்தது. லைன் வெட்டுப்பட்டுவிட்டதோ என்று நண்பன் குனிந்து பார்த்தான்.

"அக்காவுக்கு உது தெரியுமோ?" என்றது குரல்.

"இல்லை."

"சொல்லாதேங்கோ. கொடி எனக்குக் கிடைச்சிட்டுதெண்டு எழுதுங்கோ. வீட்டுக் காசும் வேண்டாம்."

எழுத்தில் தரச் சொன்னான் நண்பன். அடுத்த ஸ்ரேசன் வருவதற்குள் மின்னஞ்சல் வந்துவிட்டது. நாங்கள் இருவரும் நீதிபதியின் அறைக்குப் போய், நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னோம். அவர் சிட்டையை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கொடியைப் பாராமலா ஒப்படைக்கிறேன் என்றீர்?"

"எட்டு மாதம் பார்த்தேன் ஐயா."

"கண் வைத்தியரிடமும் ஒருக்கால் போய் வாரும்" என்றார். அதைப் பதிவேட்டில் எழுதாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

மன்று கூடியது. நண்பன் எழும்பினான். "கொடிக்குரிய பெறுமதி வழக்காளிக்கு முழுமையாய்க் கிடைத்துவிட்டது. அது பற்றியோ வீடு பற்றியோ அவருக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை." முன்வாங்கில் இருந்து தமக்கை துள்ளி எழும்பினார். "எப்ப கிடைச்சது? ஆர் குடுத்தது?" இருக்கச் சொன்னார் நீதிபதி. தமக்கை திரும்பிச் சாந்தினியின் வெறுங்கழுத்தைப் பார்த்தார், தன்பாட்டில் ஒரு முடிவுக்கு வந்து இருந்துவிட்டார். தம்பி பிறகு என்ன சொல்லிச் சமாளித்தானோ தெரியாது. ஏலக் கதை மட்டும் ஊருக்கு வரவேயில்லை. தமக்கை கடைசியில் வாசல் சிங்கம் இரண்டையுமாவது தரச் சொல்லிக் கேட்டு, லான்ட்மாஸ்ரர் உழவு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதாய்க் கேள்வி.

குகனைத் தெய்வமாக்க வேண்டாம். மணமுறிவு முடிந்த கையோடு அங்கே மற்றப் பெண்ணோடு கலியாண எழுத்தும் எழுதிவிட்டான். மகளுக்குரிய தாபரிப்புப் பணத்தை மாதக் கடைசிக்குள் அனுப்ப வைக்க நான் இரண்டு தரம் கடிதம் போட வேண்டியிருந்தது. ஒரு மனிதன் அரை மணித்தியாலம் நல்லவனாக இருந்தான். எங்கள் தொழிலில் அது போதும். அந்த அரை மணித்தியாலத்தைக் கண்டுபிடித்துப் பத்திரத்தில் ஒப்பம் வாங்குவதற்குத்தான் எங்களுக்குக் காசு தருகிறார்கள். அதைக் கண்டுபிடித்தது என் அட்டவணை அல்ல, ரைப்பிஸ்ற் அம்மா. மன்றில் எழும்ப முதல் திரும்பிப் பின்னால் இருக்கிற கட்சிக்காரரின் முகத்தைப் பாருங்கள். கழுத்தையும் பாருங்கள். வீரம் பேச ஆசை வந்தால் கன்ரீனில் பேசுங்கள், அங்கே ஒருவரும் நிறுத்துப் பதிய மாட்டார்கள்.

அன்றைக்கு வெளியே வந்தபோது சாந்தினி படியில் நின்றாள். வீடு தப்பிய பெண்ணின் முகமாய் அது இல்லை. நான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அது அவளுக்குக் கேட்டதாகவே தெரியவில்லை.

"போனிலை என்ன சொன்னவர் ஐயா?"

சொன்னேன். மாமாவுக்கு மணிக்கூடு அனுப்பியதாய் அவன் சொன்னதையும் சொன்னேன். ரயில் சத்தம் மட்டும் கேட்ட அந்தக் கொஞ்ச நேரத்தையும் சொன்னேன். அவள் சீலைத் தலைப்பை எடுத்து வெறுங்கழுத்தை மூடினாள்.

"மேல்மாடி வேண்டாம், கொடியை மீட்டுத் தாங்கோ எண்டு ஒருக்காக் கேட்டிருந்தால் தந்திருப்பார் போலை கிடக்கு" என்றாள். "எனக்குத்தான் ஐயா, கேக்க வாய் வரேல்லை."